கம்பி சொன்ன கணக்கு

1996 தேர்தல் அறிவித்திருந்த நேரம். உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லியாகிவிட்டது. மலையடிவார ஸ்டேஷன் ஒன்றில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். வருகிற துப்பாக்கியை வாங்கி, நம்பரை உரிமப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து, அட்டை கட்டி உள்ளே அனுப்பவேண்டும். நான் ஆயுதப்படையில் ஆர்மரர். ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல் பிடிபடாது. ‘துப்பாக்கி ரிப்பேர் பாக்குற ஏட்டய்யா’ என்பார்கள். அதுவும் சரிதான்.

பதினோரு மணி சுமாருக்கு ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும். பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசைமேல் வைத்துப் பிரித்தார். ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற வகை. கட்டை எப்போதோ முறிந்திருக்கிறது. பித்தளைத் தகடு சுற்றி ஆணி அடித்திருந்தார்கள். கடலைக்காட்டுக் காவலுக்கென்று அவர் அப்பா காலத்திலேயே வாங்கிய உரிமம்.

“காலிதானே?” என்றேன்.

“காலிதான் ஏட்டய்யா.”

குதிரையைப் பார்த்தேன். கீழே முளையில் கேப்பு இல்லை. குழலுக்கு அடியில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி, வாய்வழியாக மெல்ல விட்டேன். காலிக் குழலில் கம்பி இறங்கினால் அடியில் இரும்போடு இரும்பு மோதி ‘ணங்’ என்று கேட்கும், கம்பியும் லேசாகத் துள்ளும். இதில் ‘தொப்’ என்றது. துள்ளவில்லை. கம்பி நிற்கவேண்டிய இடத்துக்கு மேலே நாலு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது.

பக்கத்தில் நின்றிருந்த ரைட்டர் சத்தமில்லாமல் நாற்காலியை நகர்த்திக்கொண்டு என் முதுகுப் பக்கம் போய்விட்டார்.

“பெரியவரே, உள்ளே கெட்டித்திருக்கிறதே?”

“கெட்டிச்சிருக்குய்யா. சிவராத்திரிக்கு முந்திக் கெட்டிச்சது. ஆனா கேப்பு மாட்டலையே. கேப்பு இல்லாம எப்பிடிங்கய்யா வெடிக்கும்? அப்பக் காலிதான?”

அந்தத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் பதினாலு கிலோமீட்டர் வந்திருக்கிறார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ‘காலி’ ஒன்று, எனக்குத் தெரிந்த ‘காலி’ வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே இருநூறு வருஷத்து வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பின்பக்கம் மடக்கினால் தோட்டா கையில் வந்து விழும், அதோடு காலி. வாய்வழித் துப்பாக்கிக்கு ஒரே ஒரு வாசல்தான். அளந்த கருமருந்தை அதன் வழியாகக் கொட்டி, தேங்காய்நாரையோ கந்தல்துணியையோ உருட்டிச் சக்கையாகத் திணித்துக் கம்பியால் கெட்டிக்கவேண்டும். அதன்மேல் ரவை, ரவை உருண்டு வெளியே வராதிருக்க மறுபடி ஒரு சக்கை. இறுகக் கெட்டிக்காவிட்டால் மருந்து ‘புஸ்’ என்று போய்விடும். அதனால் நன்றாகவே கெட்டிப்பார்கள். கடைசியில் பின்பக்கம் இருக்கிற சின்ன முளைமேல் செப்புக் கேப்பை மாட்டினால் ஆயத்தம். இவ்வளவு பாடுபட்டு உள்ளே அனுப்பியதை வெளியே கொண்டுவர இயல்பான வழி ஒன்றுதான்: சுடுவது.

தமிழில் இதற்கான சொற்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஏற்றுவதற்குக் கெட்டித்தல். அடைப்புக்குச் சக்கை. நெருப்புப் போகிற துளைக்குப் பற்றுவாய். அடிக்கிற சுத்தியலுக்குக் குதிரை. எல்லாவற்றுக்கும் அழகான சொல் இருக்கிறது. கெட்டித்ததைச் சுடாமல் வெளியே எடுப்பதற்கு மட்டும் நான் வேலை பார்த்த ஊர்களில் ஒரு தனிச்சொல்லைக் கேட்டதில்லை. ‘ஒரு வேட்டுப் போட்டுட்டு வா’ என்பார்கள். காவல் முடிந்து விடிகிற நேரத்தில் மலையடிவாரத்தில் ஒற்றை வேட்டுக் கேட்டால் பன்றி வந்திருக்கிறது என்று அர்த்தமில்லை, யாரோ வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று அர்த்தம். மருந்துக்குக் காசில்லாதவர்கள் அந்த வேட்டையும் மிச்சம் பிடிப்பார்கள். கேப்பைக் கழற்றி இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைப் பரணில் வைத்துவிடுவார்கள், அடுத்த ராத்திரிக்கு ஆச்சு என்று. பெரியவர் செய்தது அதைத்தான். நடுவில் தேர்தல் வந்துவிட்டது.

“பின்னாடி கொண்டுபோய் வானத்தைப் பார்த்து ஒண்ணு போட்டுடுய்யா” என்றார் அதிகாரி. சுலபமான யோசனைதான். ஆனால் தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனுக்குள்ளிருந்து வேட்டுச் சத்தம் கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? மேலே போகிற ரவை எங்கே இறங்கும்? அதைவிட எனக்குக் குழலைப் பற்றித்தான் பயம். ஒன்றரை மாதம் உள்ளே கிடந்த மருந்து ஈரம் வாங்கிக் கட்டியாகியிருக்கும். நாலு விரல் என்பது ஒரு கெட்டா, மறந்துபோய் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு கெட்டா? அரை நூற்றாண்டுத் துருவேறிய குழலில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. கண்ணுக்கு முன்னால் குழல் வாழைப்பூ மாதிரி விரிந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

பின்கட்டில் மணல்மூட்டைகளுக்கு எதிராகத் துப்பாக்கியைச் சாய்த்துக் கட்டினேன். முன்னால் யாரும் போகாமல் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினேன். முதலில் கேப்பு மாட்டுகிற முளையைத் திருகிக் கழற்றினேன். அது போனால் குதிரை விழுந்தாலும் நெருப்புப் பிறக்காது. பிறகு அந்த ஓட்டை வழியாக வெந்நீர். கருமருந்துக்கு எமன் தண்ணீர்தான். உள்ளே இருக்கும் வெடியுப்பு தண்ணீரில் கரைந்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றினால் மருந்து செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி வேலை செய்யக்கூடாது. வெந்நீரை ஊற்றிவிட்டு டீ குடித்தேன். வந்து இன்னொரு தரம் ஊற்றினேன். பிறகு கம்பி நுனியில் பித்தளைத் திருகைப் பொருத்தி, வாய்வழியாக விட்டுச் சுற்றினேன். பக்கவாட்டில் நின்றுகொள்ளவேண்டும், முகமோ உள்ளங்கையோ குழல்வாய்க்கு நேரே வரக்கூடாது. தண்ணீர் ஊற்றியாகிவிட்டதே என்று அலட்சியமாக இருக்கக்கூடாது.

முதலில் தேங்காய்நார்ச் சக்கை வந்தது. குழலைக் கவிழ்த்ததும் எனாமல் தட்டில் ரவை கொட்டியது. எல்லாம் பெரிய ரவை. அடுத்த சக்கை அடம்பிடித்தது. துணி, எண்ணெய் போட்டு இறுக்கியிருந்தார். அது வந்ததும் கரிய கூழாக மருந்து. நல்லவேளை, ஒரு கெட்டுத்தான்.

“வெறும் வேட்டுத்தான்யா போடுவேன், சத்தத்துக்கு” என்றார் பெரியவர், நான் கேட்காமலே. தட்டில் கிடந்த ரவையை இருவரும் பார்த்தோம். நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

அவர் போகும் முன்பு ஒரு வேலை செய்தேன். காலிக் குழலில் கம்பியை அடிவரை இறக்கி, குழல்வாய்க்கு நேராக அரத்தால் கம்பியில் ஒரு கோடு கிழித்தேன். “இந்தக் கோடு வாயோட சரியா நின்னாத்தான் காலி. கேப்பைப் பார்க்காதீங்க, கம்பியைப் பாருங்க.” தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

ஓய்வு பெற்றபின் மகள் வீட்டில் ஆறு மாதம் இருக்கப் போனேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். மான்வேட்டைக்குப் பேர்போன பக்கம். கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து ஜனவரிவரை அங்கே சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனிப் பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1974இல் ஆரம்பித்த ஏற்பாடு. கேப்புகூட ஆகாது. குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வவைத்து, அது எஃகில் உரசிப் பொறி தட்டி, பக்கவாட்டுக் கிண்ணத்தில் இருக்கிற மருந்து பற்றி, பற்றுவாய் வழியாக உள்ளே நெருப்புப் போகவேண்டும். இருநூறு வருஷத்துக்கு முந்தைய துப்பாக்கியால்தான் சுடுவேன் என்று பிடிவாதமாக ஆயிரக்கணக்கானவர்கள் பனியில் கிளம்புகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர். தச்சுவேலை செய்து ஓய்ந்தவர். நான் ஆர்மரர் என்று தெரிந்ததும் தன் துப்பாக்கியைக் காட்டாமல் விடமாட்டேன் என்றார்.

ஒருநாள் சாயங்காலம் அவர் வேட்டை முடித்துக் கிளம்பும்போது கூட இருந்தேன். மான் கிடைக்கவில்லை, அதனால் துப்பாக்கி சுடப்படவும் இல்லை. சின்னத் தூரிகையை எடுத்தார். கிண்ணத்தில் இருந்த மருந்தைத் துடைத்துத் தள்ளினார். பற்றுவாயில் ஒரு பறவையிறகின் காம்பைச் செருகினார். துப்பாக்கியை வண்டியில் வைத்தார்.

“உள்ளே?” என்றேன்.

உள்ளே அப்படியே இருக்கிறது என்றார். சட்டப்படி இது காலி என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்கு விளக்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அந்த மாநிலத்தின் வேட்டைச் சட்டம் உண்மையாகவே அப்படித்தான் சொல்கிறது: வண்டியில் கெட்டித்த துப்பாக்கி வைத்திருப்பது குற்றம், ஆனால் வாய்வழித் துப்பாக்கியில் கேப்பை எடுத்துவிட்டாலோ, கிண்ணத்து மருந்தைத் துடைத்துவிட்டாலோ அது கெட்டித்த துப்பாக்கி ஆகாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கான விதியும் ஏறக்குறைய இதே வார்த்தைதான். நம் கடலைக்காட்டுப் பெரியவர் வேப்பமரத்தடியில் என்னிடம் வாதாடியதை அங்கே வாஷிங்டனில் உட்கார்ந்து சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வரி கூடக் குறைய இல்லை.

ஏன் அப்படி எழுதினார்கள் என்பதும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் புரிந்தது. பொழுது சாய்ந்தபின் சுட்டால் நேரம் கடந்த வேட்டை என்று கேள்வி வரும். வண்டியில் கெட்டித்தபடி வைத்திருந்தால் அதற்கொரு கேள்வி. தினமும் மண்மேட்டில் சுட்டுக் காலி செய்தால் மருந்தும் ஈயமும் வீண். அதோடு ஒருமுறை சுட்டால் குழலைக் கழுவியே ஆகவேண்டும். கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் கசடாக உள்ளேயே தங்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஒரே ராத்திரியில் குழல் துருப்பிடிக்கும். அதனால்தான் சட்டம் இறங்கி வந்து நெருப்பு போகும் வழியை அடைத்தால் போதும் என்று ஒத்துக்கொண்டது. அவர் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுபோகவும் இல்லை. பனியில் சில்லிட்ட இரும்பைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுபோனால் குழலுக்குள் வியர்த்து மருந்து நனைந்துவிடும் என்று வெளிக்கொட்டகையில் பூட்டி வைத்தார். பருவத்தின் கடைசி நாளில்தான் முழுக்கக் காலி செய்வார். அதற்கு ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார்: சோடாவுக்குப் போடுகிற கரியமிலவாயுக் குப்பி. பற்றுவாயில் வைத்து அழுத்தினால் வாயு பாய்ந்து, மருந்து சக்கை குண்டு எல்லாம் வாய்வழியே வெளியே துள்ளும். எனக்குப் பொறாமையாக இருந்தது. பின்கட்டில் வெந்நீரும் டீயுமாக நான் செலவழித்த ஒன்றரை மணி நேரம் நினைவுக்கு வந்தது.

அவரே ஒருநாள் என்னைக் கெட்டிஸ்பர்க்குக்கு அழைத்துப்போனார். 1863 ஜூலை 1 முதல் 3 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை நடந்த இடம். மற்றவர்கள் சிலைகளைப் பார்த்துக்கொண்டிருக்க நான் ஒரு கணக்கைத் தேடிப் போயிருந்தேன். சண்டை ஓய்ந்தபின் மைதானத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கி எண்ணினார்கள். 27,574. அவற்றில் சுமார் 24,000 இன்னும் கெட்டித்த நிலையிலேயே இருந்தன. அதிலும் பாதியில், அதாவது ஏறத்தாழ 12,000 துப்பாக்கிகளில், இரண்டு கெட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக. சுமார் 6,000 துப்பாக்கிகளில் மூன்று முதல் பத்துவரை. ஒரு துப்பாக்கிக்குள் 23.

இதை வைத்து மனோதத்துவக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்: சிப்பாய்க்கு எதிராளியைக் கொல்ல மனம் வரவில்லை, சுடுவதுபோல் பாவனை செய்தான் என்று. இருக்கலாம். நான் துப்பாக்கி மெக்கானிக், எனக்கு அதைவிட எளிய விளக்கம்தான் தோன்றுகிறது. சுற்றிலும் ஆயிரம் துப்பாக்கி வெடிக்கிறது. புகை. அவன் விசையை இழுக்கிறான். கேப்பு மாட்ட மறந்திருக்கிறான், அல்லது கேப்பு மட்டும் வெடித்து மருந்து பற்றவில்லை. தன் துப்பாக்கி வெடித்ததா என்று அவனுக்கே தெரியாது. பழகிய கை அடுத்த கெட்டைப் போடுகிறது. கம்பி ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மேலே நிற்கிறது. அதைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

சண்டை இல்லாத நாட்களில் படைகளும், நானும் நம் ஊர்க்காரர்களும் செய்ததையேதான் செய்தன. பிரிட்டிஷ் படையிலும் அமெரிக்கப் படையிலும் கம்பி நுனியில் மாட்டுகிற திருகு உண்டு. சுருண்டு நெளிந்திருப்பதால் அதற்குப் ‘புழு’ என்றே பெயர். சக்கையைப் பிடித்திழுக்க அது. ஈயக்குண்டைத் துளைத்துப் பிடித்திழுக்க மரத்திருகாணி போன்ற இன்னொன்று. ரவை கொட்டிவிடும், குண்டு அப்படியில்லை, குழலை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இழுத்தால் தோள் கழன்றுவிடும். அதனால் காவல்பணி முடிந்து இறங்குகிறவர்களை வரிசையாக நிறுத்தி ஓர் இலக்கைப் பார்த்துச் சுடவைப்பது அமெரிக்கப் படையில் வழக்கமாக இருந்தது. காலி செய்ததாகவும் ஆயிற்று, குறிபார்க்கப் பழகியதாகவும் ஆயிற்று. கெட்டித்த துப்பாக்கியோடு நிற்பவன், தவறிப் பொறி தட்டாதிருக்க, கல் உரசுகிற எஃகுக்குத் தோலுறை போட்டு மூடிவைப்பான்.

‘கேப்பை எடுத்தால் காலி’ என்கிற எண்ணமே கேப்பு வந்தபின் பிறந்ததுதான். அதற்குக் காரணமானவர் வாத்து சுடுகிற ஒரு பாதிரியார் என்றால் நம்பமாட்டீர்கள். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரில் ஊழியம் செய்த அலெக்சாண்டர் ஃபோர்சித். சக்கிமுக்கித் துப்பாக்கியில் கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரிவதைக் கண்டதும், குண்டு வருவதற்குள் பறவை சுதாரித்துக்கொள்கிறது என்பது அவருடைய மனக்குறை. அடித்தால் வெடிக்கிற ரசாயனத்தை வைத்து ஒரு பூட்டு செய்து, 1807இல் காப்புரிமை வாங்கினார். அந்த வழியிலேயே அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செப்புக் கேப்பு வந்தது. முன்பு காலி செய்வது என்றால் கிண்ணத்தை ஊதித் துடைக்கவேண்டும், அப்படியும் பற்றுவாய் திறந்தே கிடக்கும். இப்போது விரல்நுனியால் கேப்பைக் கழற்றினால் போதும் என்றாயிற்று. அவ்வளவு சுலபமாக ஒரு வேலை முடிந்தால் மனிதன் அதையே முழுவேலை என்று எடுத்துக்கொள்வான். பிறகு பின்வழித் துப்பாக்கி வந்தது. பிரிட்டிஷ் படை 1866இல் தன் பழைய என்ஃபீல்டுகளையே பின்பக்கம் அறுத்து ஸ்னைடராக மாற்றத் தொடங்கியது. படைகளுக்கு இந்தத் தலைவலி அதோடு தீர்ந்தது.

நமக்குத் தீரவில்லை. அதற்குச் சட்டமே காரணம்.

தெற்கே துப்பாக்கியைப் பறிப்பது 1801லேயே ஆரம்பமாகிவிட்டது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டுச் சில வாரங்களில், டிசம்பர் 1ஆம் தேதி, பாளையக்காரர்களும் அவர்களது ஆட்களும் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்று கம்பெனியின் பிரகடனம் வந்தது. 1857க்குப் பிறகு பெரிய அளவில் ஆயுதக் களைவு. 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. சுதந்திரத்துக்குப்பின் 1959இல் புதுச் சட்டம் இயற்றி 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் 13ஆவது பிரிவை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படுகிறவருக்கு வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் தரவேண்டும் என்று அதில் பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் வேறு வகைக்குத் தரலாம்.

எழுதியவர்களின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஒரு வேட்டுப் போட்டால் அடுத்த வேட்டுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். இதை வைத்துக்கொண்டு யாரும் கலகம் செய்யமுடியாது. ஆனால் அவர்கள் பார்க்காத பக்கம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கி வகைகளிலேயே காலி செய்ய மிகக் கஷ்டமானது எதுவோ, அதை எடுத்துப் பயிற்சியே இல்லாத விவசாயி கையில் கொடுத்திருக்கிறார்கள். அப்பா கெட்டித்ததைப் பார்த்து மகன் கெட்டிக்கிறான். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இன்னொரு சிக்கல்: காட்டுப்பன்றியும் அட்டவணையில் ஏறியது. பன்றிக்காகத்தான் உரிமம், அனுமதியில்லாமல் பன்றியைச் சுட்டால் வழக்கு. சுடவேண்டிய தருணத்தில் விவசாயி தயங்குகிறான். தயங்கினால் கெட்டித்தது உள்ளேயே தங்குகிறது. என் கைக்கு வந்த கெட்டித்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இப்படித் தயங்கியவர்களுடையவைதான்.

குடகில் மட்டும் கதை வேறு. அங்கே கொடவர்களுக்கு 1861இலிருந்தே உரிமத்திலிருந்து விலக்கு. கடைசியாக 2019இல் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தார்கள். கூட வேலை பார்த்த ஒருவரின் அழைப்பில் ஒருமுறை செப்டம்பர் மாதக் கைல்போல்து பண்டிகைக்குப் போயிருந்தேன். நாற்று நடுகிற காலம் முழுக்க ஆயுதங்களைச் சாமியறையில் வைத்துவிடுவது அந்தக் கால வழக்கமாம். நடவு முடிந்து, இனிப் பயிரைப் பன்றியிடமிருந்து காக்கவேண்டும் என்கிற நேரத்தில் பூசை செய்து வெளியே எடுப்பார்கள். துப்பாக்கி வாயில் ஒரு பூவைச் செருகியிருந்தார்கள். தோக்குப்பூ என்றார்கள், தோக்கு என்றால் துப்பாக்கி. கிட்டப்போய்ப் பார்த்தால் நம் செங்காந்தள்! ஸ்டேஷனில் அட்டை கட்டிச் சுவரில் சாய்த்து வைக்கிற எனக்கு, துப்பாக்கியை ஒப்படைப்பதில் இப்படியும் ஒரு முறை இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. பூவைச் செருகினால் அந்த வாயில் யாரும் மருந்து கொட்டப்போவதில்லை. கெட்டித்திருக்கிறதா என்று சந்தேகப்பட்டுக் கம்பி விட்டுப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது. விருந்தாளியாக வந்த இடத்தில் நாகரிகமில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

2006 தேர்தலுக்கும் அதே ஸ்டேஷன், அதே வேப்பமரம். மேசை மட்டும் புதிது. நாற்பது வயசுக்காரர் ஒருவர் வேட்டியில் சுற்றிய துப்பாக்கியோடு வந்தார். கட்டையில் பித்தளைத் தகட்டைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“அப்பா இல்லீங்கய்யா. போன வருசம் தவறிட்டாரு. எனக்குக் காட்டுக் காவலுக்கு வேலிதான், கரண்டு வேலி. இத ஒப்படைச்சிட்டு உரிமத்தையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்திரலாம்னு வந்தேன்.”

“காலிதானே?” என்றேன், வழக்கம்போல.

“அது கம்பியப் பாத்தாத் தெரியும்னு அப்பா சொல்லுவாரு” என்றார்.

கம்பியை உருவினேன். நான் பத்து வருஷத்துக்கு முன்னால் அரத்தால் கிழித்த கோடு தேய்ந்து மங்கியிருந்தது. அதற்கு நாலு விரல் கீழே இன்னொரு கோடு. அது நான் போட்டதில்லை. அரிவாள் நுனியால் கீறியது. அதற்கும் நாலு விரல் கீழே மூன்றாவதாக ஒன்று, ஆழமாக, சுற்றிவர.

“இது என்னங்க?”

“மொதக் கோடு வாயோட நின்னாக் காலி. ரெண்டாவது நின்னா ஒரு கெட்டு இருக்கு. மூணாவது நின்னா...” சிரித்தார். “மூணாவது நின்னா நீ தொடாத, ஏட்டய்யாட்ட தூக்கிட்டுப் போன்னு சொல்லியிருக்காரு.”

கம்பியைக் குழலில் விட்டேன். ‘ணங்’ என்றது. முதல் கோட்டில் நின்றது. அட்டையை எடுத்து நம்பர் எழுதினேன்.